வயரில்லாத கீபோர்டும் என் தோசைக்கல்லும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. மற்ற இரண்டும் என் நாத்தனார் பிள்ளைகள். அவள் கண்ணை மூடிய பிறகு என் வீட்டுத் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆறு பேரையும் ஆளாக்கியவள் நான் என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் வரப்போவது என் புத்திக்குப் பெருமை சேர்க்கிற விஷயம் இல்லை. அதைப் படிக்கிறவர்கள் இதையும் மறக்கக் கூடாது.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இதைப் பேனாவில் எழுதவில்லை. வயர் இல்லாத கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். கட்டைகளின் மேல் இருந்த எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. ஒரு பக்கம் முடிய ஒரு வாரம் ஆகிறது. ஆகட்டும். எனக்கு எந்த பஸ்ஸையும் பிடிக்க வேண்டியதில்லை.

இந்தக் கீபோர்டு அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டாயிரத்துப் பத்தில். கொண்டு வந்தவர் என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஊருக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே நம் வீட்டில் எது எது சரியில்லை என்று சொல்லத் தொடங்கிவிடுவார். குழாய் சரியில்லை, ஃபேன் சரியில்லை, நாய் சரியில்லை. மாப்பிள்ளை என்பதால் நானும் “ஆமாங்க, ஆமாங்க” என்று இலையைப் போடுவேன். மனதுக்குள் போட்டது வேறு.

கீபோர்டும் மவுஸும் வந்தது என் சின்ன மகனின் மனைவிக்காக. அவள் குமுளிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். கல்யாணத்துக்கு முன்பு அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டவள். சீர்வரிசை இறங்கியபோது கட்டில், பீரோ, பித்தளைப் பாத்திரங்களோடு ஒரு பழைய கம்ப்யூட்டரும் இறங்கியது. என் சொந்தக்காரிகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். சீரில் யாராவது பழசைக் கொண்டு வருவார்களா? அவள் காதில் விழுந்தது. “சாரமில்ல அத்தை, நல்லா ஓடும்” என்றாள். பரவாயில்லை என்பதற்கு அவள் மலையாளத்தில்தான் சொல்வாள். நான் எதைச் சொன்னாலும் அந்த ஒரு வார்த்தை. என் கோபம் நிற்க இடம் கிடைக்காமல் திரும்பி வந்துவிடும்.

அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுவது லினக்ஸ், காசில்லாமல் கிடைப்பது. எல்லாரும் வைத்திருக்கிற மற்றது இல்லை. அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் லினக்ஸ்தான். அதில்தான் அவள் பழனிசெட்டிபட்டியில் உள்ள ஒரு அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் தமிழில் அடித்துக் கொடுத்தாள். என் மகன் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவான். அவள் உட்கார்ந்து தட்டுவாள். அந்தச் சத்தம் எனக்கு முதலில் எரிச்சல். பிறகு அது நின்றால் எரிச்சல்.

அவளுக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்கவில்லை. முதல் தடவை நாலாம் மாதம். இரண்டாம் தடவை நான் விடவில்லை. கட்டிலுக்கடியில் அரிவாள் போட்டு வைத்தேன். பிள்ளைத்தாய்ச்சி பக்கத்தில் இரும்பு இருக்க வேண்டும். என் ஆத்தா எனக்கு வைத்தாள், நான் என் மகளுக்கு வைத்தேன். ஆனால் அதுவும் ஐந்தாம் மாதம் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என் மகன் அந்த அரிவாளை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் எறிந்தான்.

“இரும்பு வச்சும் போச்சுல்ல? இனிமே இந்த வீட்டுல இந்த வேலை எதுவும் வேணாம் ஆத்தா. சொல்லிட்டேன்.”

“ஏலே, நான் என்ன கெடுதலா செஞ்சேன்?”

“நல்லதும் செய்ய வேணாம். சும்மா இரு.”

சும்மா இருப்பதாம். ஆறு பேரை வளர்த்தவளிடம் சொல்கிற சொல்லா அது?

மூன்றாம் தடவை நின்றபோது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளை பிறக்கிறவரை படுக்கைதான். கக்கூஸுக்குப் போகலாம், மற்றபடி எழுந்து உட்காரக்கூடக் கூடாது. அவள் சரி என்றாள். ஆனால் அச்சகத்து வேலையை விட மாட்டேன் என்றாள். ஆவணி முகூர்த்தத்துக்கு ஏகப்பட்ட பத்திரிகைகள் இருந்தன. எனக்கு வந்தது ஆத்திரம்.

“ஏத்தா, பிள்ள பெருசா, பத்திரிக்கை பெருசா?”

“பிள்ளதான் பெருசு அத்தை. அதுக்காக மோட்டு வளையவே பாத்துக்கிட்டு கெடக்க முடியாது. போன தடவ அப்படித்தான் கெடந்தேன். கெடந்து கெடந்து, இன்னிக்குப் போகுமா நாளைக்குப் போகுமான்னு அதையே நெனச்சேன். கைக்கு ஒரு வேல குடுங்க. படுத்துக்கிட்டே செய்றேன்.”

இதைக் கேள்விப்பட்டுத்தான் மாப்பிள்ளை அந்தக் கீபோர்டையும் மவுஸையும் வாங்கி வந்தார். அதற்கு நன்றி. அதோடு நின்றிருக்கலாம்.

கட்டிலின் தலைமாட்டில் சுவரோரம் ஒரு முக்காலி மேல் கம்ப்யூட்டர்ப் பெட்டி. கால்மாட்டில் மேசை இழுத்துப் போட்டு அதன் மேல் திரை. அவள் தலையணையில் சாய்ந்து, வயர் இல்லாத கீபோர்டைத் தொடை மேல் வைத்துத் தட்ட வேண்டும். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ரிசீவர். அதைப் பெட்டியில் சொருகினால் காற்று வழியாக எழுத்து போய்ச் சேருமாம். கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று என்று இரண்டு ரிசீவர் இருந்தது. சொருக இடமோ ஒன்றுதான். முன்பக்கத்து ஓட்டைகள் அவள் சீர் கொண்டு வந்த காலத்திலேயே செத்துவிட்டன. பின்பக்கத்தில் ஒன்றில் பிரிண்டர், மிச்சம் ஒன்று.

மாப்பிள்ளை அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டையும் ஒரே ரிசீவர்ல சேத்துக்கலாம். ஆனா அதுக்கு உள்ள சாஃப்ட்வேர் லினக்ஸ்ல ஓடாது. இதைப் பூராம் அழிச்சிட்டு வேற போட்டுத் தாரேன். ஓசியில குடுக்குறது இம்புட்டுத்தான் இருக்கும் அத்தை.”

“வேண்டாம் அண்ணே. இதுல என் எழுத்து, அச்சு வேல எல்லாம் இருக்கு. நான் பாத்துக்கிறேன்” என்றாள் அவள்.

“படுத்துக்கிட்டா?”

“படுத்துக்கிட்டுத்தான்.”

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. சாப்பாட்டில் உப்பு சரியில்லை என்றார்.

மறுநாள் நானும் மகனும் அந்தச் சாமான்களைத் தேனிக்குக் கொண்டுபோனோம். ஒரு கம்ப்யூட்டர்க் கடை. உள்ளே டை கட்டிய ஒரு பையன், ஏசி குளிரில் முறுக்கிக்கொண்டு நின்றான். லினக்ஸ் என்று என் மகன் சொன்னதும் சிரித்தான். “அதெல்லாம் படிக்கிற புள்ளைக வெளாடுறதுக்கு வச்சிருக்கிறது சார். பாட்டிக்கு எதுக்கு லினக்ஸ்?”

“எனக்கு இல்ல தம்பி. என் மருமகளுக்கு. உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. அந்தக் கழுத்துக் கயித்தக் கொஞ்சம் தளத்திக்க, ரத்தம் மேல ஏறட்டும்.”

என் மகன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். வரும்போது அவனும் சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

வழி கண்டுபிடித்தது மருமகள்தான். பழைய வயர்க் கீபோர்டை வயிற்றுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, டெலிபோன் நெட்டில் நாலைந்து நாள் தேடினாள். எங்கோ குளிர் நாட்டில் ஒரு மனிதர். அவருக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. உட்கார்ந்து தானே ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறார். எழுதியதை மூடி வைக்காமல், உள்ளே என்ன எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறார். அவள் அதை இறக்கிப் போட்டாள். மவுஸின் அடியில் உள்ள பொத்தானை அணைத்து மறுபடி போட்டாள். திரையில் கீபோர்டு ஒரு வரி, மவுஸ் ஒரு வரி, பேட்டரி எவ்வளவு என்று பக்கத்தில். இரண்டும் ஒரே ரிசீவரில் சேர்ந்துவிட்டன.

“சும்மாவா குடுக்குறான்? என்ன காரியத்துக்குக் குடுக்குறான்?” என்றேன்.

“நீங்க கறிவேப்பிலக் கன்னு கேட்டவுகளுக்கெல்லாம் பிடுங்கிக் குடுக்கலியா அத்தை?”

“கன்னு வாங்குனவுக நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு வருவாக.”

“இவரும் அதான் கேக்குறாரு. தப்பு இருந்தா வந்து சொல்லுங்கன்னு எழுதியிருக்காரு.”

இரண்டு நாள் தண்ணீர் ஓடுவதுபோல் ஓடியது. மூன்றாம் நாள் நான் என் வேலையைச் செய்தேன்.

மகன் அரிவாளை எறிந்துவிட்டால் வீட்டில் இரும்பே இல்லையா? என் மாமியார் காலத்துத் தோசைக்கல் ஒன்று பரணில் கிடந்தது. கைப்பிடி இல்லாதது, நல்ல கனம், அகலமும் கூட. ஒருத்தி தனியாகத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். கட்டிலுக்கடியில் வைத்தால் பெருக்கும்போது மகன் பார்த்துவிடுவான். அவள் கக்கூஸுக்குப் போன நேரம், கம்ப்யூட்டர்ப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் அதைச் சாய்த்து நிறுத்தினேன். அளவெடுத்து வைத்ததுபோல் பொருந்திக்கொண்டது. தலைமாட்டில் இரும்பு. ஒருவர் கண்ணிலும் படாது. எனக்கு எவ்வளவு திருப்தி!

அன்று மத்தியானமே கீபோர்டு படுத்துவிட்டது. நாலு எழுத்து அடித்தால் இரண்டு வந்தது. மவுஸ் அம்பு ஒரே இடத்தில் நின்று, பிறகு ஆட்டுக்குட்டிபோல் துள்ளி வேறெங்கோ போனது. அவள் பேட்டரியை மாற்றினாள். டார்ச் லைட்டிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். புரோகிராமில் பேட்டரி நிறைய என்றது, சேர்த்தது சேர்த்தபடி இருக்கிறது என்றது. எழுத்து மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பழைய வயர்க் கீபோர்டை மாட்டி வேலையை முடித்தாள். படுத்தபடி அதைத் தூக்கிப் பிடித்துத் தேடலாம், பத்திரிகை அடிக்க முடியாது.

“ஏத்தா, எந்திரிக்காதன்னு சொல்லியிருக்காகல்ல!”

“அஞ்சு நிமிஷம் அத்தை. பொண்ணு பேரு ஒண்ணு விட்டுப்போச்சு. அச்சுக்குப் போயிரும்.”

அந்த அஞ்சு நிமிஷம் தினமும் வந்தது. ஒரு நாளில் மூன்று தடவை வந்தது. எனக்கு அந்தக் கீபோர்டு மேல், அந்தக் குளிர் நாட்டு மனிதர் மேல், லினக்ஸ் மேல், இதைத் தொடங்கி வைத்த மாப்பிள்ளை மேல், எல்லார் மேலும் வெறுப்பு. போனில் மாப்பிள்ளை, “நான் அப்பவே சொன்னேன்ல அத்தை” என்றார். அவர் எதையும் அப்பவே சொன்னவர்தான்.

அவள் அந்த மனிதருக்கு எழுதினாள். அவர் உடனே பதில் போட்டார். என்ன பெட்டி, எந்த வருஷத்து லினக்ஸ், எத்தனை அடி தூரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. அவள் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். என் மகனும் அப்போது அறையில்தான் இருந்தான்.

“ரிசீவருக்குப் பக்கத்துல பெரிய இரும்பு எதாவது இருக்கான்னு பாக்கச் சொல்றாரு. இரும்பு இருந்தா மறைச்சிருமாம். அத்தை, கொஞ்சம் பெட்டிக்குப் பின்னால எட்டிப் பாருங்களேன்.”

நான் எட்டிப் பார்த்தேன். தோசைக்கல் என்னைப் பார்த்தது. ரிசீவர் அதன் நெஞ்சுக்கு நேரே சொருகியிருந்தது.

“ஒண்ணும் இல்லத்தா. சுவருதான் இருக்கு” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், மகன் நின்றான் என்பது பாதிதான். அதில் ஒரு அவமானம், அவ்வளவே. மற்றப் பாதி பயம். அந்த இரும்பு இருப்பதால்தான் பிள்ளை தங்கியிருக்கிறது என்று நான் நம்பினேன். நாலாம் மாதம் தாண்டி, ஐந்தாம் மாதமும் தாண்டியிருந்தது. எழுத்து வராவிட்டால் போகட்டும், இரும்பை எடுத்து ஏதாவது ஆகிவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? இப்படி ஒரு புத்தி. அந்த இரும்புதான் அவளைக் கட்டிலிலிருந்து எழுப்புகிறது என்று கண்ணால் பார்த்த பிறகும் இந்தப் புத்தி. தேனிக் கடைப் பையனைச் சொன்னேனே, அவனாவது தெரியாமல் பேசினான்.

அந்த மனிதர் என் வார்த்தையை நம்பினார். இரும்பு இல்லை என்றால் தன் புரோகிராமில்தான் கோளாறு என்று உட்கார்ந்து தேடத் தொடங்கினார்.

நாலு நாள் கழித்து, காலையில் அவள் மேசையிலிருந்து எழுந்தபோது சேலையில் கறை. அவள் கத்தவில்லை. “அத்தை” என்றாள், அவ்வளவுதான். மகன் தோட்டத்திலிருந்து ஓடி வந்து, பக்கத்து வீட்டு ஜீப்பில் படுக்க வைத்துக் கம்பத்துக்குக் கொண்டு போனான். நானும் ஏறப் போனேன். “நீ வீட்டுல இரு ஆத்தா” என்றான்.

வீட்டில் இருந்தேன். அந்த அறைக்குள் போய், பெட்டியை நகர்த்தி, தோசைக்கல்லை இழுத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, பிடிக்கட்டும். கம்ப்யூட்டர் அணைக்காமலே கிடந்தது. கட்டில் மேல் கிடந்த கீபோர்டை எடுத்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவை ஒரு கட்டையை அமுக்கினேன். திரையில் ஒரு எழுத்து வந்தது. இன்னொன்றை அமுக்கினேன், வந்தது. பத்து, இருபது, முப்பது. ஒன்றுகூட விடவில்லை. வாசலுக்குப் போய் நின்று அமுக்கினேன். அங்கிருந்தும் போனது.

நான் கல்லைப் பரணுக்கு ஏற்றவில்லை. பழைய சேலையில் சுற்றி, கட்டிலின் கால்மாட்டில் மெத்தைக்கு அடியில் செருகினேன். பெருக்குகிறவன் மெத்தையைத் தூக்கமாட்டான். இரும்பை நான் எடுக்கவில்லை, இடம் மாற்றினேன். இன்று வரை யாரும் என்னை அந்த ஒரு விஷயத்தில் அசைக்க முடியாது.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தார்கள். இனி உட்கார்ந்தாலே ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் படுத்ததும் படுக்காததுமாகக் கடிதம் பார்த்தாள். அந்த மனிதர் புரோகிராமைத் திருத்தி அனுப்பியிருந்தார். ரிசீவர் தூங்கிவிடுகிறது போலிருக்கிறது, அதனால் அடிக்கடி தட்டி எழுப்புகிற மாதிரி சில வரிகள் சேர்த்திருக்கிறேன், போட்டுப் பாருங்கள் என்று. போட்டாள். தட்டினாள். தண்ணீராக ஓடியது.

“அத்தை! சரியாயிருச்சு அத்தை!” கண்ணில் நீர் நின்றது. “முகம் தெரியாத மனுசன், எனக்காக உக்காந்து செஞ்சிருக்காரு பாருங்க.”

நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். மாப்பிள்ளை போனில், “புது வெர்ஷன் போடணும்னு நான் சொன்னேன்ல” என்றார்.

அதற்குப் பிறகு அவள் காலைக் கீழே போடவே இல்லை. ஆவணிப் பத்திரிகைகள் எல்லாம் படுத்தபடியே போயின. கார்த்திகையில் பெண் பிறந்தது. மெத்தையைத் தூக்கி வெயிலில் போடும்போது கல்லை நானே எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன்.

அந்த வரிகள் இன்னும் அந்தப் புரோகிராமில் இருக்கின்றன. இந்தியாவில் ஒருவர் சொன்னதால் சேர்த்தது என்று பக்கத்தில் குறிப்பும் இருக்கிறதாம். வீட்டுக்கு யார் வந்தாலும் மருமகள் அதைத் திறந்து காட்டுவாள். பேத்தி பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நான் அந்த நேரம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

போன மாதம் அந்த மனிதரிடமிருந்து மறுபடி கடிதம். அந்த வரிகளால் எல்லாருடைய கீபோர்டிலும் பேட்டரி சீக்கிரம் தீர்கிறதாம். எடுத்துவிடலாமா, உங்களுக்காகத்தான் சேர்த்தேன், நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். இத்தனை வருஷம் கழித்தும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன் என்கிறார். என்னைவிட யோக்கியர். மருமகள், “எடுக்காதீக, எனக்கு அது இல்லாம ஓடலன்னு எழுதப்போறேன்” என்றாள். அவளை ஏதேதோ வேலை சொல்லி இதுவரை எழுதவிடாமல் வைத்திருக்கிறேன். நாளைக்கு எழுதியே தீருவேன் என்கிறாள்.

ஆகவே இதை முடித்துவிட்டேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னாலும் சாரமில்ல என்பாள். எனக்கு அது வேண்டாம். திட்டட்டும். திட்டிவிட்டு அந்த மனிதருக்கு உண்மையை எழுதட்டும், தோசைக்கல் என்றால் என்ன என்று விளக்கி. இதைப் படித்துக் காட்டப்போவது என் பேத்தி.

ஏத்தா, இங்கன வா. கையைத் துடைச்சிட்டு உக்காரு. முதல் எழுத்துலருந்து படி. அடுப்படியில உங்க அம்மாவுக்குக் கேக்கணும், நல்லாச் சத்தமாப் படி. தோசைக்கல்லு வர்ற எடத்துல சிரிச்சு நிறுத்திப்புடாத.